கடை மீனுக்கு வெள்ளைப்புள்ளி, கூடவே வாய்ப்பஞ்சு: மலைக் குளிருல எப்படி வைத்தியம் பார்க்கிறது?

டிக்கோயா_தொட்டி

கண்டியில வாங்கின மீனுங்க. கப்பி 6, நியோன் டெட்ரா 4, சின்ன கோல்ட்பிஷ் 2. எல்லாம் ஒரே தொட்டியில. தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். ஹீட்டர் இல்ல, ஸ்பொன்ஞ் பில்டர் ஒண்ணு ஓடுது. காலையில தண்ணி 19 டிகிரி.

விட்டு அஞ்சாம் நாள் கப்பி வாலுலயும் கோல்ட்பிஷ் செட்டையிலயும் ரவை தூவினாப்புல வெள்ளைப்புள்ளி. நியோன் ரெண்டு கல்லுல போய் உரசுது. ஒரு பொட்டைக் கப்பிக்கு வாயைச் சுத்தி வெள்ளையா பஞ்சு. கடையில லேபல் இல்லாத நீலப் போத்தல் ஒண்ணு குடுத்து, பத்துச் சொட்டு விட்டா மூணு நாள்ல சரியாகும்னாங்க. ஹீட்டர் வாங்கி 30க்கு ஏத்தினா போதும்னு இன்னொரு இடத்துல வாசிச்சேன். எதை முதல்ல செய்றது?

குளிர்மலை

போத்தலை அப்படியே மூடி வைங்க. நீலமா இருக்கிறதெல்லாம் வெறும் மெத்திலீன் புளூ இல்ல, மலகைட் கிறீன் கலந்ததும் அதே மாதிரி போத்தல்லதான் வரும். மலகைட்டை நியோன் பாதி அளவுதான் தாங்கும். செறிவு தெரியாம சொட்டு எண்ணி என்ன பிரயோசனம்?

மருந்துக்கு முன்னால சில விஷயம் தெரியணும். தண்ணி டவுன் பைப்பா, தோட்டத்துப் பீலியா, கூரையில பிடிச்ச மழைத்தண்ணியா? வாயில இருக்கிறது நூல் நூலா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதா, இல்ல உதட்டோட ஒட்டி மட்டமா, ஓரம் சாம்பலா மஞ்சளா இருக்கா? முதுகுச் செட்டைக்குக் கீழ வெளுத்த பட்டை ஏதும்? மீன் தீனி எடுக்குதா? செவுள் ரெண்டு பக்கமும் அடிக்குதா, ஒரு பக்கம் மட்டுமா?

பதில் எழுதுற நேரத்துல செய்யக்கூடியது: அந்தக் கப்பியைத் தனி வாளிக்கு மாத்துங்க. தீனி நிப்பாட்டுங்க. கால்வாசித் தண்ணி மாத்துங்க, புதுத் தண்ணி பழசோட ஒரே சூட்டுல இருக்கணும். பில்டர்ல காபன் இருந்தா எடுத்துடுங்க, போடுற மருந்தையெல்லாம் அது உறிஞ்சிடும்.

பதுளை_வால்

இதுக்கு இவ்வளவு விசாரணை வேணாம் அண்ணே. வெள்ளைப்புள்ளிக்குச் சூடுதான் மருந்து. அந்த ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில இருக்கிற வரைக்கும் எந்த மருந்தும் அதைத் தொடாது. முத்தினதும் கீழ விழுந்து கூடு கட்டி, உள்ள நூத்துக்கணக்கில பிரியும். அந்தக் குஞ்சுங்க வெளிய வந்து ரெண்டு நாளைக்குள்ள மீனைப் பிடிக்கலைனா செத்துடும். மருந்து வேலை செய்றது அந்த நீந்துற கட்டத்துல மட்டும்தான்.

தண்ணியை 30 டிகிரியில பத்து நாள் வெச்சா அதால பெருக முடியாது. பதுளையில 100 வாட் ஹீட்டரே போதும், டிக்கோயாவுல கொஞ்சம் இழுக்கும். தொட்டி மேல ரிஜிபோம் பலகை, பின்பக்கமும் பக்கவாட்டும் ரிஜிபோம் ஒட்டினா கரண்ட் பில்லும் குறையும். மருந்துச் செலவு இல்ல.

குளிர்மலை

தம்பி, வெள்ளைப்புள்ளி மட்டும்னா நீங்க சொல்றது சரி. இந்தத் தொட்டியில மூணு தடங்கல் இருக்கு.

முதலாவது அந்த வாய். அது பூஞ்சணம் இல்லாம கொலம்னாரிஸ் பக்டீரியான்னா, சூடு ஏற ஏற அது வேகமா தின்னும். 28க்கு மேல போனா வாய் வெளுத்த மீன் ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும், பக்கத்து மீனுக்கும் தொத்தும். வெள்ளைப்புள்ளிக்குச் சூடு வேணும், வாய் நோய்க்குக் குளிர் வேணும், ரெண்டும் ஒரே தொட்டிக்குள்ள நிக்குது. பிரிக்காம வைத்தியம் பார்க்க முடியாது.

ரெண்டாவது கோல்ட்பிஷ். அது குளிர்தண்ணி மீன், 30ல அதுக்கு மூச்சு முட்டும்.

மூணாவது நம்ம உயரம். நுவரெலியா 1868 மீற்றர். அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய 80 வீதம்தான், தண்ணியில கரையிற ஒட்சிசனும் அதே கணக்குல குறையும். கொழும்புல 30 டிகிரித் தண்ணி லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் பிடிச்சா நுவரெலியாவுல ஆறுதான் பிடிக்கும், டிக்கோயாவுல ஆறரை. தண்ணி குளிரா இருக்கிற வரைக்கும் இந்தக் குறை தெரியாது, ஏன்னா குளிர்ந்த தண்ணி கூடப் பிடிக்கும். நாம சூடாக்கினதும் தெரியும். வெள்ளைப்புள்ளி செவுளையும் அரிச்சு வெச்சிருக்கும். கொழும்புக்காரங்க எழுதின முறையை அப்படியே இங்க செஞ்சா, நோய் போகும், மீனும் போகும். ஏத்துறதா இருந்தா எயார் பம்ப் இன்னொண்ணு கட்டாயம்.

ஸ்பொன்ஞ்_அக்கா

மருந்துக்கு முன்னால தொட்டியில உண்மையிலேயே எத்தனை லீற்றர் இருக்குன்னு பாருங்க. 2×1×1 அடின்னா கணக்குக்கு 56 லீற்றர் சொச்சம் வரும். விளிம்புக்குக் கீழ ரெண்டு அங்குலம் விட்டு, அடியில மணல், கல்லு எல்லாம் கழிச்சா 43, 45தான் நிக்கும். 56னு நினைச்சு மருந்து போட்டா கால்வாசி கூடப் போயிடும். அடுத்த தடவை நிரப்பும்போது வாளியால அளந்து ஊத்தி, கண்ணாடியில மார்க்கரால ஒரு கோடு போட்டு வைங்க.

உப்பையும் கரண்டிக் கணக்குல போடாதீங்க. தூள் உப்பு மட்டமா ஒரு தேக்கரண்டி 6 கிராம் அளவுல வரும், கல் உப்பு அதே கரண்டியில குறைவாத்தான் நிக்கும், குவிச்சு எடுத்தா ரெண்டு மடங்காகும். கடையிலயே 50 கிராம் கணக்குல நிறுத்துச் சின்னப் பொட்டலமா கட்டித் தரச் சொல்லுங்க.

டிக்கோயா_தொட்டி

தண்ணி தோட்டத்துப் பீலி, குளோரின் வாசம் இல்ல. வாயில இருக்கிறது நூல் மாதிரி நிக்கல, உதட்டோட ஒட்டி மட்டமா சாம்பலா இருக்கு, கீழ் உதடு கொஞ்சம் அரிச்சிருக்கு. முதுகுல பட்டை இல்ல. அந்தக் கப்பி தீனியைத் தொடல. மத்ததெல்லாம் தின்னுது. நியோனுக்கு ஒரு பக்கச் செவுள் வேகமா அடிக்குது. கப்பியை 20 லீற்றர் வாளியில 15 லீற்றர் தண்ணியில மாத்திட்டேன். இன்னொண்ணு, உப்பு அயடின் இல்லாததா இருக்கணுமா? இங்க கடையில இருக்கிறதெல்லாம் அயடின் போட்டதுதான்.

கொண்டிஸ்_கலர்

அயடினைப் பத்திக் கவலைப்படாதீங்க. பைக்கட் உப்புல இருக்கிற அயடின் பத்து லட்சத்துல இருபது, முப்பது பங்குதான், நாம போடுற அளவுல மீனுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனையிறவோ புத்தளமோ அம்பாந்தோட்டையோ, எது கிடைச்சாலும் போடுங்க. மசாலா கலந்ததா மட்டும் இருக்கக் கூடாது.

மட்டமா, சாம்பலா, உதட்டை அரிக்குதுன்னா கொலம்னாரிஸ்னு வெச்சே வேலையைப் பாருங்க. உண்மையான பூஞ்சணம் பஞ்சு மாதிரி நூல் விட்டு நிக்கும், பெரும்பாலும் ஏற்கனவே காயம் பட்ட இடத்துலதான் பிடிக்கும், குளிர்தண்ணியில இன்னும் நல்லா வளரும். மலைநாட்டுல ரெண்டையும் பார்க்கலாம். அதனாலதான் கண்டபடி "பங்கஸ்"னு பேர் வெச்சு மருந்து போடுறாங்க.

வாளிக்கு:

தண்ணி 22, 23 டிகிரி போதும், அதுக்கு மேல வேணாம். உப்பு லீற்றருக்கு 2 கிராம், ஆக 30 கிராம், கப்பி தாராளமா தாங்கும். மூணு பங்காக்கி 12 மணித்தியாலத்துக்கு ஒண்ணு, தனிக் கோப்பையில கரைச்சு ஊத்துங்க. கல்லா போட்டா அடியில படுத்திருக்கிற மீன் மேல விழுந்து புண்ணாக்கும்.

மெத்திலீன் புளூ செறிவு எழுதினதா வாங்குங்க. 1 வீதக் கரைசல்னா ஒரு மில்லிலீற்றர்ல 10 மில்லிகிராம். லீற்றருக்கு 2 மில்லிகிராம் வேணும், 15 லீற்றருக்கு 30 மில்லிகிராம், அதாவது 3 மில்லிலீற்றர். பாமசி சிரிஞ்சால அளந்து ஊத்துங்க. தினமும் மூணுல ஒரு பங்குத் தண்ணி மாத்தி, மாத்தின அளவுக்கு மட்டும் உப்பும் மருந்தும் சேருங்க. இந்த மருந்து பில்டர் பக்டீரியாவையும் கொல்லும், அதனால வாளியில பில்டர் ஸ்பொன்ஞ் வேணாம், வெறும் காத்துக்கல்லு போதும். பெரிய தொட்டியில ஊத்தினா சிலிக்கன் ஒட்டெல்லாம் நீலமாயி அப்படியே நின்னுடும்.

ரெண்டு நாள்ல வெள்ளை பரவினா கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) குளியல். 1 கிராமை ஒரு லீற்றர்ல கரைச்சா ஒரு மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம். லீற்றருக்கு 2 மில்லிகிராம் கணக்குல 15 லீற்றருக்கு 30 மில்லிலீற்றர், நாலு மணித்தியாலம். புதுத் தண்ணியில செய்யணும், ஏன்னா கொண்டிஸும் மெத்திலீன் புளூவும் ஒண்ணை ஒண்ணு அழிக்கும். ரோசா நிறம் சீக்கிரம் மண்ணிறமாப் போனா தண்ணியில அழுக்கு கூட, மருந்து அழுக்குலயே தீர்ந்திருக்கும். மீன் கவிழ்ந்தா நேரம் பார்க்காம எடுத்துடுங்க. தராசு இல்லாம கத்தி முனையில கிள்ளிப் போடுறதா இருந்தா இந்த வேலையே வேணாம்.

பதுளை_வால்

அன்டிபயொடிக் கெப்சூலை உடைச்சுப் போட்டா சீக்கிரம் முடியுமே? எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

கொண்டிஸ்_கலர்

அதனாலதான் இப்ப எந்த மருந்துக்கும் நோய் கேட்க மாட்டேங்குது. மனுஷருக்கான கெப்சூல்ல மாவும் சேர்ந்திருக்கும், தண்ணி கலங்கும். மீன் தீனி எடுக்கலைனா மருந்து உள்ள போகாது, தண்ணியில போட்டது பில்டரைக் கொல்லும். பாதி நாள் போட்டு நிப்பாட்டினா பக்டீரியா பழகிடும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துல மீன் நோய் பார்க்கிறாங்க. கண்டிப் பக்கம் போறவங்களுக்கு அது லேசான வழி. செத்த மீனை விட, சாகப் போற மீனைத் தண்ணியோட கொண்டு போனாத்தான் ஏதாவது தெரியும். செத்து ரெண்டு மணித்தியாலம் ஆனா உடம்புல எல்லாப் பக்டீரியாவும் ஏறி நிக்கும், எது கொன்னதுன்னு சொல்லவே முடியாது.

ஸ்பொன்ஞ்_அக்கா

பீலித் தண்ணின்னதும் இன்னொரு விஷயம். தோட்டங்கள்ல தேயிலைக் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பாங்க, மழையும் பனியும் கூடின மாசங்கள்ல அடிக்கடி. அந்த மலைக்குக் கீழ வர்ற ஓடையிலயும் கூரை மழைத்தண்ணியிலயும் செம்பு இறங்கலாம். நம்ம தண்ணி மென்தண்ணி, மென்தண்ணியில செம்பு மீனுக்குப் பல மடங்கு விஷம். ஒரே நேரத்துல எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளந்து, நத்தை, இறால் எல்லாம் முதல்ல விழுந்தா நோய்னு நினைக்காதீங்க, தண்ணியைச் சந்தேகப்படுங்க. மருந்து அடிச்ச கிழமை பீலியில பிடிக்காம, முந்தியே ஒரு பீப்பாயில பிடிச்சு வைங்க. மரக்கறித் தோட்டத்துக்குக் கீழ இருந்து வர்ற தண்ணின்னா நான் எந்த மாசமும் தொட்டிக்கு ஊத்த மாட்டேன்.

அடுத்தது காரத்தன்மை. பீலித் தண்ணியில அதைக் காட்டுற கே.எச். அளவு பெரும்பாலும் 1, 2 தான் இருக்கும். தொட்டி பழசாக ஆக பீ.எச். சரிஞ்சு 6க்குக் கீழ போகும், அங்க பில்டர் பக்டீரியா கிட்டத்தட்ட நின்னுடும். 19 டிகிரிக் குளிருல அது ஏற்கனவே மெதுவா. அமோனியா சேரும், ஆனா அமிலத் தண்ணியில அது பெரும்பாலும் விஷம் குறைஞ்ச வடிவத்துல இருக்கிறதால மீன் தாக்குப்பிடிக்கும். இப்ப யாரோ சொன்னாங்கன்னு அப்பச்சோடா ஒரு கரண்டி போட்டா? பீ.எச். 7ல இருந்து 8க்கு ஏறினா விஷ அமோனியா ஏறத்தாழ பத்து மடங்காகும். மருந்து போட்டதும் மீன் செத்துச்சுங்கிற கதைகள்ல பாதி இதுதான்.

சோடா போடலாம், ஆனா தண்ணியை ரெண்டு, மூணு நாள் கொஞ்சம் கொஞ்சமா மாத்தின பிறகு. 5 கிராம் 50 லீற்றர்ல கே.எச். 3க்குக் கொஞ்சம் மேல ஏத்தும். அதை மாத்துற புதுத் தண்ணியில கரைச்சு ஒரு கிழமையில பிரிச்சுப் போடணும். பில்டருக்குள்ள ஒரு பிடி உடைச்ச சிப்பி ஓடு போட்டு வெச்சா அதுவே மெல்ல மெல்லப் பார்த்துக்கும். எனக்குப் பிடிச்சது அதுதான்.

உப்புல இன்னொரு நன்மையும் இருக்கு. அமோனியா உடைஞ்சு வர்ற நைத்திரைற்று செவுள் வழியா இரத்தத்துல ஏறாம உப்புல இருக்கிற குளோரைட்டு தடுக்கும். புதுத் தொட்டிக்கு லீற்றருக்கு 1 கிராம் உப்புன்னு சொல்றது அதுக்கும் சேர்த்துத்தான்.

டிக்கோயா_தொட்டி

அப்போ மிச்சம் கப்பி அஞ்சு, நியோன் நாலு, கோல்ட்பிஷ் ரெண்டு. இவைகளுக்கு என்ன? ஹீட்டர் நாளைக்கு வாங்கலாம். எத்தனை வாட்?

குளிர்மலை

கோல்ட்பிஷ் ரெண்டையும் வெளிய எடுங்க. 40 லீற்றர் பிளாஸ்டிக் பேசின் ஒண்ணு, காத்துக்கல்லு, மேல வலை. அதுக்குச் சூடு வேணாம், உப்பு வேணும், லீற்றருக்கு 3 கிராம், ஆக 120 கிராம். 40, 40, 40னு ஒன்றரை நாள்ல ஏத்துங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாதித் தண்ணி மாத்துங்க, போன தண்ணிக்கு மட்டும் உப்புச் சேருங்க. ஆவியாகிக் குறைஞ்சதுக்கு வெறும் தண்ணி போதும், உப்பு ஆவியாகாது.

இங்கதான் கடைக்காரர் சொன்ன மூணு நாள் கணக்கு பிழைக்குது. 25 டிகிரியில அந்த ஒட்டுண்ணியோட ஒரு சுத்து மூணுல இருந்து ஆறு நாள். 15, 16 டிகிரியில பத்து நாளைத் தாண்டும். இன்னும் குளிர்ந்தா மாசக்கணக்கு. புள்ளி மறைஞ்சதும் நோய் போச்சுன்னு நினைப்பீங்க, அது அடி மணல்ல கூட்டுக்குள்ள இருக்கும். 19, 20 டிகிரிப் பேசின்ல கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ரெண்டு கிழமை உப்பை எடுக்காதீங்க. அடுப்படி மாதிரி கொஞ்சம் சூடான இடத்துல பேசினை வெச்சு 23, 24க்கு வந்தா இன்னும் நல்லது, சீக்கிரம் முடியும்.

பெரிய தொட்டியில கப்பியும் நியோனும். நியோன் உப்பை அதிகம் தாங்காது, லீற்றருக்கு 1 கிராமுக்கு மேல போகாதீங்க, 45 லீற்றருக்கு 45 கிராம். இங்கதான் சூடு. ஆனா முதல்ல 24ல ரெண்டு நாள் நிறுத்தி, வேற எதுக்காவது வாய் வெளுக்குதான்னு பாருங்க. வெளுத்தா அதையும் வாளிக்கு மாத்தி, சூடு ஏத்துறதை ஒத்திப் போடுங்க. ஒண்ணும் இல்லைனா 12 மணித்தியாலத்துக்கு 2 டிகிரி கணக்குல 30 வரைக்கும். பத்து நாள் அங்கேயே. நியோனுக்கு 30 பிடிக்காது, பத்து நாள் பொறுக்கும். தினமும் அடியை உறிஞ்சி எடுங்க, கூடுங்க அங்கதான் கிடக்கும். பிறகு ஒரு நாளைக்கு ஒரு டிகிரியா 25க்கு இறக்குங்க. 30லயும் புள்ளி கூடிக்கிட்டே போனா அது சூடு தாங்குற வகை, அப்ப மருந்துக்குத்தான் போகணும்.

பதுளை_வால்

சரி, பிரிச்சு வெச்ச பிறகு சூடு ஏத்துறதுல எனக்கும் சண்டை இல்ல. ஹீட்டர் பத்திச் சொல்றேன்.

ஒரு லீற்றர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த 1.16 வாட் மணித்தியாலம். 45 லீற்றருக்கு ஒரு டிகிரிக்கு 52. ஆக 100 வாட் ஹீட்டர் மூடின தொட்டியில மணித்தியாலத்துக்கு ஒன்றரை, ரெண்டு டிகிரி ஏத்தப் பார்க்கும், அவ்வளவு வேகம் மீனுக்கு ஆகாது. அதனால நேரா 30ல திருகி வைக்காதீங்க, படிப்படியா திருகுங்க. டிக்கோயா ராக்குளிருல 24ல நிறுத்த 100 போதும், 30க்கு அது நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். 150 எடுங்க. நுவரெலியாவுல தை மாசத்துக்கு 200 கூடத் தப்பில்ல, ஆனா ஒரு 200 வாங்குறதை விட ரெண்டு 100 மேல். ஒண்ணு ஒட்டிக்கிட்டு அணையாம நின்னாலும் தொட்டி கொதிக்காது, ஒண்ணு செத்தாலும் மத்தது பிடிக்கும்.

ஹீட்டர்ல இருக்கிற எண்ணை நம்பவே வேணாம், ரெண்டு மூணு டிகிரி பிழையா இருக்கும். ரெண்டாவது வெப்பமானி ஒண்ணைத் தொட்டியோட மறு கோடியில வைங்க. தண்ணி மாத்த முன்னால பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் விடுங்க, சூடா இருக்கும்போது தண்ணிக்கு வெளிய வந்தா கண்ணாடி வெடிக்கும். வயர் பிளக்குக்கு வர முன்னால கீழ தொங்கி மேல ஏறணும், இல்லைனா வயர் வழியா வடியிற தண்ணி நேரா சொக்கட்டுக்குள்ள போகும். ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்யாத வீட்டுல ஹீட்டர் போடாதீங்க.

கரண்ட் போனா? ரிஜிபோம் சுத்தின தொட்டி மெதுவாத்தான் ஆறும், மேல ஒரு கம்பளி போட்டா இன்னும் நேரம் பிடிக்கும். சூடு குறையிறதை விட காத்து நிக்கிறதுதான் ஆபத்து. பற்றரி எயார் பம்ப் ஒண்ணு இருக்கட்டும்.

மாத்தளை_மொலி

எல்லாரும் வைத்தியம் சொல்லிட்டீங்க. வாங்குற இடத்தைப் பத்தி யாரும் பேசல.

கடைக்கு வர்ற மீன் பெரும்பாலும் கீழ்நாட்டுப் பண்ணை மீன், சூட்டுல வளர்ந்தது. பண்ணையில இருந்து மொத்தக் கடை, அங்கருந்து டவுன் கடை, பிறகு நம்ம பை. ஒவ்வொரு இடத்துலயும் நெரிசல், பட்டினி. அந்த உடம்போட மலை ஏறி 19 டிகிரித் தண்ணியில விழுந்தா வெள்ளைப்புள்ளி வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

கடையில மீனைப் பார்க்க முன்னால வலையைப் பாருங்க. ஒரே வலையை எல்லாத் தொட்டிக்கும் போடுறாங்களா? எல்லாத் தொட்டித் தண்ணியும் ஒரே பில்டருக்குப் போகுதா? அப்படின்னா மூலைத் தொட்டியில ஒரு செத்த மீன் கிடந்தாலும் உங்க மீனுக்கும் அதே தண்ணிதான். எப்ப இறக்கினதுன்னு கேளுங்க. நேத்து இறக்கினதுன்னா ஒரு கிழமை கழிச்சு வாங்க, பலவீனமானது அதுக்குள்ள கடையிலயே போயிருக்கும். தீனி போடச் சொல்லுங்க, ஓடி வராததை வாங்காதீங்க. செட்டையை மடக்கி வெச்சிருக்கிறது, வயிறு ஒட்டினது, நூல் மாதிரி வெள்ளையா எச்சம் தொங்கிறது, முதுகு வளைஞ்சது வேணாம். கப்பிக்கு ஆசனவாயில சிவப்பு நூல் எட்டிப் பார்த்தா அது குடல் புழு, தொட்டி முழுக்கப் பரவும், லெவமிசோல் மாதிரி புழு மருந்து இல்லாம போகாது.

மெலிஞ்சு முதுகு வளைஞ்ச மீன்ல மீன் காசமும் இருக்கலாம். அது மனுஷர் கைக் காயம் வழியா தோல்ல கட்டியா வரும். கையில வெட்டு, கீறல் இருந்தா தொட்டிக்குள்ள கை விடாதீங்க, குழாயை வாயால உறிஞ்சவும் வேணாம்.

பையைக் கொண்டு வர்ற விதம்: பத்திரிகைத் தாள்ல சுத்தி, ரிஜிபோம் பெட்டியில, பஸ் ஜன்னல் பக்கம் இல்லாம. வீட்டுல பையைத் திறக்காம இருபது, முப்பது நிமிஷம் தண்ணியில மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்க. தூரப் பயணம் வந்த பையைத் திறந்து வெச்சு மணிக்கணக்கா சொட்டுச் சொட்டா தண்ணி விடுறது கூடாத வேலை. பைக்குள்ள மீன் விட்ட மூச்சால பீ.எச். இறங்கி அமோனியா அடங்கி இருக்கும். திறந்ததும் அந்தக் காபனீரொட்சைட்டு பறக்கும், பீ.எச். ஏறும், அதே பையில அமோனியா விஷமாகும். திறந்தா உடனே வலையால எடுத்து மாத்துங்க, பைத் தண்ணி தொட்டிக்குள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது.

பிறகு நாலு கிழமை தனிப் பேசின், 24, 25 டிகிரி. குளிருல நாலு கிழமை வெச்சா போதாது, நோய் தூங்கிக்கிட்டே இருந்து பெரிய தொட்டிக்குப் போன பிறகு எழும்பும். பெரிய தொட்டி பில்டருக்குள்ள எப்பவும் ஒரு மேலதிக ஸ்பொன்ஞ் துண்டு போட்டு வைங்க, புது மீன் வாங்கின அன்னைக்கு அதைப் பேசினுக்கு மாத்தினா பக்டீரியாவோட தயாரா இருக்கும்.

டிக்கோயா_தொட்டி

வாளிக் கப்பி இன்னைக்குக் காலையில செத்துடுச்சு. வேற எதுக்கும் வாய் வெளுக்கல. தொட்டி 24ல நிக்குது. வாளியையும் வலையையும் எப்படிச் சுத்தம் பண்றது? வெயில்ல வெச்சா போதுமா?

கொண்டிஸ்_கலர்

உதடு அரிச்சு, தீனி விட்ட மீன் பிழைக்கிறது அபூர்வம். இனி சூடு ஏத்தலாம்.

இந்த மாசத்து மூடுபனியில வெயிலை நம்பாதீங்க. வெள்ளைப்புள்ளிக்கு நல்லாக் காஞ்சாலே போதும், பக்டீரியாவுக்கு அது போதாது. சலவை பிளீச், 5 வீதக் குளோரின் உள்ளது, ஒரு லீற்றர் தண்ணிக்கு 20 மில்லிலீற்றர். வாளி, காத்துக்கல்லு, குழாய் எல்லாம் கால் மணித்தியாலம். பிறகு மூணு தடவை அலசி, குளோரினை முறிக்கிற தயோசல்பேற்றுத் தண்ணியில முக்கி எடுங்க. வலை நூல் பிளீச்சுல இத்துப் போகும், அதைக் கடுங்கொண்டிஸ் தண்ணியில அரை மணித்தியாலம் ஊற வைங்க. மீன் காசச் சந்தேகம் இருந்தா பிளீச் நம்பிக்கை இல்ல, 70 வீத ஸ்பிரிட். இனிமே பேசினுக்கு ஒரு வலை, தொட்டிக்கு ஒரு வலை.

ஒட்டுண்ணிக்குப் போடுற போமலின் மருந்து வாங்குற எண்ணம் யாருக்காவது இருந்தா, போத்தலடியில வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க. குளிருல வெச்சிருந்தா அப்படிப் படியும், அது மீனுக்குக் கொடிய விஷம். நுவரெலியாப் பக்கத்துக் கடையில கவனம்.

டிக்கோயா_தொட்டி

மருந்துத் தண்ணியையும் செத்த மீனையும் பீலி ஓடையில விடலாமா? கோல்ட்பிஷ் குணமானா மறுபடி கப்பியோட சேர்க்கலாமா?

குளிர்மலை

ஓடையில கூடவே கூடாது. கீழ லயத்து ஆக்கள் அதே தண்ணியைத்தான் பிடிக்கிறாங்க. ஓடை மீனுக்கும் கடை நோய் தேவையில்ல. வேண்டாம்னு ஆறு, குளத்துல உயிரோட மீனை விடுறவங்களாலதான் தொட்டி துடைக்கிற சக்கர் மீன் இன்னைக்கு நம்ம நீர்நிலைகள்ல நிக்குது. மருந்துத் தண்ணியைக் கிணறு, ஓடை பக்கம் இல்லாத மண்ணுல ஊத்துங்க, உப்புத் தண்ணியை மரக்கறிப் பாத்தியில ஊத்தாதீங்க. மீனை நாய் தோண்டாத ஆழத்துல புதைங்க.

கோல்ட்பிஷைச் சேர்க்காதீங்க. அது பெருசா வளரும், அழுக்கு கூடப் போடும், நியோனை விழுங்கும், அதோட உங்க தொட்டி இனி 25ல நிக்கப் போகுது. டிக்கோயாக் குளிருக்கு அது ஹீட்டர் இல்லாம நல்லா இருக்கும், பெரிய தொட்டியா தனியா பாருங்க. ஹீட்டர் செலவு கட்டாதுன்னு நினைக்கிறவங்களுக்கு வைட் கிளவுட், சீப்ரா டானியோ ரெண்டும் 18, 20ல சுகமா இருக்கும். மொலி மட்டும் நம்ம மென்தண்ணிக்குச் சரிவராது, சிப்பி ஓடு போடாம வாங்காதீங்க.

மாத்தளை_மொலி

பேர்ல மொலி வெச்சிருக்கிற நானே அதை ஒத்துக்கிறேன். மாத்தளைத் தண்ணியே வேற. நியோன் செவுள் இப்ப எப்படி அடிக்குது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்துச்சுன்னா 26க்குத் திருகுங்க, இல்லைனா இன்னும் ஒரு நாள் 24லயே விடுங்க.